பிறந்த வீட்டுக் கோடி

என் பெரியப்பாவுக்குக் கருமாதி முடிந்து பல வருடங்கள் ஆன பிறகு அவர் ஊருக்குத் திரும்பி வந்தார். கூடவே ஒரு மனைவியையும், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஒரு மகளையும் அழைத்து வந்தார். செத்ததாக நினைத்திருந்தவர் உயிரோடு வந்து இறங்கினால் எப்படி இருக்கும்! ஊரே சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷம் உண்மையானது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதுதான் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அது முப்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் பல்லடத்துக்குத் தெற்கே, பருத்தியும் சோளமும் விளைகிற மேட்டாங்காடு. மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அப்படி வராமல் போன ஒரு காலத்தில், மீசை அரும்புகிற வயதில், பெரியப்பா தன் தகப்பனாரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். ஆள் பிடிக்கிறவன் எவனோ அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய்க் கப்பலேற்றிவிட்டான். கப்பல் போய் நின்ற இடம் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நேட்டால் என்ற தேசம். அங்கே வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை யாரிடமோ சொல்லியனுப்பினாராம். பிறகு ஒரு தகவலும் இல்லை. தாத்தா சாகக் கிடந்தபோது, காணாமல் போன மூத்த மகனுக்கும் சேர்த்துக் காரியத்தைச் செய்துவிடச் சொன்னாராம். அப்பா அப்படியே செய்துவிட்டார். காடு என்று நாங்கள் சொல்கிற விளைநிலம் முழுவதும் அப்பா பேரில் வந்தது. நான் பிறந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

திருப்பூர் ரயிலடியிலிருந்து வாடகை வண்டி ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றதும், உள்ளேயிருந்து தலை நரைத்த ஒருவர் இறங்கியதும், அப்பா கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா வாய்விட்டு அழுதார். ஆண்பிள்ளைகள் அப்படி அழுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

கருமாதி செய்த விஷயத்தை மறைக்க முடியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பெரியப்பா பெரிதாகச் சிரித்தார்.

"அப்ப இத்தன வருசமா நான் கரும்புக் காட்டுல உக்காந்து தின்ன சோறெல்லாம் நீ வெச்ச பிண்டந்தானா, தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் உள்ளே போனாள்.

பெரியம்மா கறுத்து மெலிந்த உடம்புக்காரி. முழங்கைக்குக் கீழே இறங்குகிற ரவிக்கை போட்டிருந்தாள். எங்கள் ஊரில் அப்போது பெண்களுக்கு ரவிக்கை கிடையாது என்பதால், இந்த வெயிலில் இப்படி மூடிக்கொண்டு வந்திருக்கிறாளே, உடம்புக்கு ஏதாவது சீக்கோ என்று பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். அக்கா முழங்கால் வரை கவுனும் காலில் பூட்சும் போட்டிருந்தாள். அவளை யார் கூப்பிட்டாலும் "யெபோ" என்று பதில் சொல்வாள். அங்குள்ள ஜூலுக்காரர்களின் பேச்சில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தமாம். முதல் தடவை அதைக் கேட்டபோது, பிள்ளைக்கு வாந்தி வருகிறதென்று நினைத்து அம்மா சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பெரியப்பாவின் பேச்சு வேறு விதம். ஊரில் நடக்கவும் முடியாமல் கிடந்த கிழடுகளின் வாயில் மட்டும் மிச்சமிருந்த சொற்கள் அவர் வாயில் சர்வசாதாரணமாக வந்தன. அவர் ஊரை விட்டுப் போனபோது இருந்த பேச்சு அது. நாங்கள் அதை எங்கெங்கோ தொலைத்துவிட்டோம். அவர் கடல் தாண்டிக் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்திருந்தார். ஊர்ப் பையன்கள் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் போய் அதே மாதிரி பேசிக் காட்டிச் சிரித்தார்கள்.

அங்கே இதற்கு நேர்மாறாம். அக்கா சொன்னாள். நேட்டாலில் இருந்த மற்ற தமிழர்கள் பெரும்பாலும் வடக்குச் சீமைக்காரர்கள். எங்கள் பக்கத்தின் 'ங்க' அவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது. பெரியப்பா துரையைத் திட்டும்போதுகூட ங்க போட்டுத்தான் திட்டுவாராம். அவரைக் 'கோயமுத்தூரான்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, அதற்கு எங்கள் குலதெய்வத்தின் பெயரை வைத்து, ஒவ்வொரு வருடமும் பொங்கல் வைத்தாராம். தெலுங்குக்காரர்கள், இந்துஸ்தானி பேசுகிறவர்கள், வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம்.

"இங்க வந்தா சாமி நெசமாவே பெருசா இருக்கும்னு எங்கம்மா சொல்லுச்சு" என்றாள் அக்கா.

அவளுக்கு எங்கள் ஊர் முழுவதும் தெரிந்திருந்தது. வந்த மறுநாளே என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கே ஊரைக் காட்டக் கிளம்பிவிட்டாள். வேலிகளுக்கு நடுவே போகிற இந்த இட்டேரியில் போனால் இடது கைப்பக்கம் ஒரு பெரிய இலுப்பை மரம், அதைத் தாண்டினால் படிக்கட்டு வைத்த கிணறு என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். இலுப்பை மரம் நான் பிறப்பதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தது. கிணறு தூர்ந்துபோய் அதில் கற்றாழை முளைத்திருந்தது. அக்கா கிணற்றடியில் நின்று என்னைப் பார்த்தாள். நான்தான் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்தவள் போலப் பார்த்தாள். பெரியப்பாவும் அப்படித்தான். யார் யாரையோ விசாரிப்பார். அவர்கள் எல்லாரும் செத்திருந்தார்கள். "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டு அடுத்த பெயரைச் சொல்வார். எங்கள் தெருவில் நடந்துகொண்டே அவர் வேறொரு தெருவில் நடந்தார்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு குலதெய்வத்துக்குப் பொங்கல் சாட்டினார்கள்.

அதைப் பெரியம்மா எவ்வளவு எதிர்பார்த்தாள் என்பது அவள் பானையை விளக்கிய விதத்திலேயே தெரிந்தது. புதுப்பானைக்கு மஞ்சள் கட்டி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, என்னையும் அக்காவையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். கோயில் முன்னால் பங்காளி வீட்டுப் பெண்கள் வரிசையாக அடுப்புக் கூட்டியிருந்தார்கள். பெரியம்மா அந்த வரிசையில் அம்மாவுக்கு அடுத்தாற்போல் மூன்று கல்லை வைத்தாள்.

ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள் கெட்டவள் அல்ல. பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"ஏனம்மணி, நீ பொறந்தது எந்தக் கூட்டம்?"

கூட்டம் என்றால் குலப் பிரிவு. எங்கள் பக்கத்தில் இது எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வி. இன்ன கூட்டத்தில் பிறந்து இன்ன கூட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்பதுதான் ஒரு பெண்ணின் முழு விலாசம். எனக்கே அந்த வயதில் அம்மாவின் கூட்டம், அம்மாவின் அம்மாவின் கூட்டம் எல்லாம் மனப்பாடம்.

பெரியம்மா அடுப்பை ஊதிவிட்டு, புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரித்த முகமாகவே பதில் சொன்னாள்.

"நாங்க கப்பல் கூட்டமுங்க."

சில பெண்கள் சிரித்தார்கள். அது எந்த ஊரில் இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள்.

"ஊரில்லீங்க. எங்கம்மா கப்பலேறி வந்து எறங்கி என்னைப் பெத்துப்போட்டுச் செத்துப்போச்சு. எந்த ஊருன்னு ஆருக்கும் சொல்லுலீங்க. கூட வந்தவங்கதான் எடுத்து வளத்துனாங்க. ஒரே கப்பல்ல வந்தவங்கள்ளாம் எங்களுக்குச் சொந்தமுங்க. அப்படி எனக்கொரு அண்ணன் இருக்காரு. கண்ணாலத்துக்கு அவருதான் சீர் செஞ்சாரு. பாப்பாளுக்குக் காது குத்துனது அவரு மடியிலதான். எங்க கூடவேதான் கப்பல்ல திரும்பி வந்தாரு. கோயமுத்தூர் மில்லுல சேந்திருக்காரு. தாவீதுன்னு பேருங்க."

அந்தப் பெயர் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்போது யார் அந்தப் பெயரை வைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் காடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்து, ஊருக்கு வெளியே குடியிருந்து, வேதத்தில் சேர்ந்த சனங்கள். பெரியதனக்காரர் வீட்டம்மா எழுந்து தன் சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள். யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் பக்கம் மரியாதையான பக்கம். அம்மாதான் பெரியம்மாவின் அருகில் வந்து, மெதுவாக, "நீங்க அந்த வேப்ப மரத்தடியில வெச்சுக்குங்க அக்கா, இங்க காத்தடிக்குது" என்றாள்.

காற்று எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா மூன்று கல்லையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அவள் பானை பொங்கியபோது அவள் ஒருத்திதான் குலவை போட்டாள். பக்கத்தில் யாரும் சேர்ந்து போடவில்லை என்பதைக் கவனித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் ஊர்ப் பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் போன பிறகு அப்பா பெரியப்பாவிடம் வந்து, தோட்டத்துச் சாளை காலியாகத்தான் இருக்கிறது, அங்கே கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்றார். சாளை என்பது ஊருக்கு வெளியே, எங்கள் காட்டின் நடுவில், வைக்கோலும் பருத்தியும் போட்டு வைக்கிற கூரைக் கட்டடம்.

"கொஞ்ச நாளைக்குத்தானுங்க அண்ணா. ஊர் வாய் அடங்கட்டும்."

"அதுக்கென்ன தம்பி" என்றார் பெரியப்பா. "நாங்க தோட்டத்துக் கூலி லைன் ஊட்டுல இருந்த சனந்தானே."

அப்பாவிடம் அவர் பங்கு கேட்டதில்லை. இதை நான் பிற்காலத்தில் பலரிடம் விசாரித்து உறுதிசெய்துகொண்டேன். காட்டைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அவர் என்றைக்காவது கேட்பார் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அம்மா எனக்குத் தடை போடவில்லை. சாளைக்குப் போகலாம், விளையாடலாம், ஆனால் அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நானும் குடிக்கவில்லை. அக்கா ஒரு தடவை சொம்பை நீட்டினாள். நான் வேண்டாமென்றேன். தாகமில்லையா என்று கேட்டாள். தாகமில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் நீட்டவில்லை.

கோடையில் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. விஷக்காய்ச்சல் என்றார் வைத்தியர். வாசலில் நின்றபடியே சூரணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா பல்லடத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிவப்பாக ஒரு மருந்துத் தண்ணீரைப் புட்டியில் வாங்கிவந்து கொடுத்தார். வண்டி கட்டி அவளையே கொண்டுபோகலாம் என்று பெரியப்பா கேட்டபோது, இந்த வெயிலில் ஆட்டி அசைத்தால் வழியிலேயே உயிர் போய்விடும் என்றார்கள். அது நல்லெண்ணத்தில் சொன்னதாகவும் இருக்கலாம்.

காய்ச்சல் முற்றியதும் பெரியம்மாவின் தமிழ் போய்விட்டது. அவள் ஜூலுக்காரர்களின் மொழியில் பேச ஆரம்பித்தாள். அக்கா அதைக் கேட்டு அழுதாள். தன் அம்மா யாரோ ஒரு கிழவியைக் கூப்பிடுவதாகச் சொன்னாள். தாயில்லாப் பிள்ளையாக இருந்தபோது பால் கொடுத்த ஜூலுக்காரியாம். பெரியப்பா தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் தலையைத் தடவிக்கொண்டே, அதே மொழியில் பதில் சொன்னார். கடலுக்கு அப்பால் ஒரு ஆயுட்காலம் முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சை ஒரு சொல் சிந்தாமல் காப்பாற்றி வைத்திருந்த மனிதர். எங்கள் காட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எங்களில் யாருக்கும் புரியாத அந்தப் பேச்சை அவர் பேசியபோது, அவர் குரலே வேறாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இளமையாக இருந்தது. அந்தக் கிழவியாகவே தன்னை வைத்துக்கொண்டு அவர் பேசினார் என்று அக்கா சொன்னாள்.

ஒரு நாள் விடிந்து மாடுகளை ஓட்டுகிற நேரத்தில் பெரியம்மா இறந்துபோனாள்.

ஊர் ஆண்கள் வந்து சாளைக்கு வெளியே, வேலியில் ஆள் நுழைகிற கடவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். சாவுக்கு வராமல் இருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வந்தார்கள், உள்ளேதான் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எப்போது எடுப்பது என்று பெரியப்பா கேட்டார். பெரியதனக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பொறந்த ஊட்டுக் கோடி வரட்டுமப்பா. வந்தா எடுத்துப்போடலாம்."

வாழ்க்கைப்பட்ட பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுவந்து போர்த்தினால்தான் பாடையில் வைக்கலாம். கோடி வராத பெண்ணை எடுக்க மாட்டார்கள். பெரியம்மாவுக்குப் பிறந்த வீடு எது என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும், அதாவது இல்லை என்பது தெரியும். பெரியப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் காட்டில் வேலை செய்யும் ஆள் ஒருவனைக் கூப்பிட்டு, மோட்டார் பஸ் பிடித்துக் கோயமுத்தூருக்குப் போய்த் தாவீதுக்குச் சேதி சொல்லச் சொன்னார். எல்லோர் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னார்.

பொழுது மேற்கே சாயும்வரை சடலம் காத்திருந்தது. அக்கா ஒரு பனையோலை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எழுப்பிக்கொண்டு போகவில்லை. அம்மா வீட்டிலிருந்து வரவே இல்லை.

தாவீது வந்தபோது முதலில் கண்டவள் நான்தான். காக்கிச் சட்டையும் அரைக்கால் சராயும் போட்ட, நல்ல உயரமான மனிதர். மில்லிலிருந்து நேரே வந்திருந்தார் போலும். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். கடவை நெருங்கியதும் குனிந்து பூட்சைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஊர் ஆண்கள் அதைத் தங்களுக்குக் காட்டுகிற பணிவு என்று எடுத்துக்கொண்டு லேசாக இளகினார்கள். அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. உள்ளே கிடந்தவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நில்லு. நீ ஆரு?" என்றார் பெரியதனக்காரர். தெரியாமல் கேட்கவில்லை.

"பொறந்த ஊட்டுக் கோடி கொண்டாந்திருக்கேனுங்க."

"ஆருக்கு?"

"எந்தங்கச்சிக்குங்க."

பெரியதனக்காரர் அவரை விட்டுவிட்டுப் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபமே இல்லை. ஒரு பெரிய மனிதர் தன் வீட்டுப் பையனுக்கு வழி சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"நல்லா ரோசன பண்ணிக்கப்பா. இவன் கையால கோடி வாங்குனயின்னா அவ ஆருன்னு நீயே ஊரறியச் சொன்னதாப் போயிரும். அப்பறம் நம்ம சுடுகாட்டுல எடமில்ல. உனக்கும் ஊருல எடமில்ல. இவனத் திருப்பி அனுப்பிச்சுப்போடு. அந்தப் பொம்பள அநாதைன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும். கோடிய நாங்களே போட்டு, நம்ம மொறப்படி எடுத்துப்போடறோம். நீயும் நம்ம பையனாவே இருந்துக்குலாம்."

அதில் ஒரு தயவு இருந்தது. இன்று யோசிக்கும்போது அந்தத் தயவுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. அப்பா பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லீருங்க அண்ணா" என்றார். "ஒரு வார்த்ததானுங்களே."

பெரியப்பா ஊரைப் பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்து கோயில் கூரை மட்டும் தெரியும். அவர் எந்த ஊருக்காரர் என்று ஆயுசு முழுவதும் சொல்லிச் சொல்லி வாழ்ந்தாரோ அந்த ஊர். அவர் அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றதாக எனக்கு நினைவு. ஒருவேளை கொஞ்ச நேரமாகவும் இருக்கலாம். பிறகு அப்பாவின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அக்காவைக் கூப்பிட்டார்.

"கண்ணு, உங்க மாமன் வெளிய நிக்கறாரு பாரு. போய்க் கூட்டிட்டு வா."

அக்கா விசிறியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். ஆண்கள் நின்ற கூட்டத்துக்கு நடுவில் நேராக நடந்தாள். அவள் மேல் படாமல் இருக்க அவர்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். கடவில் நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றாள். அவர் குழந்தைபோல் அவள் பின்னால் நடந்து வந்தார். உள்ளே வந்து பொட்டலத்தைப் பிரித்தார். சாதாரண நூல் சேலை, அரக்கு நிறம். அதைப் பெரியம்மாவின் மேல் போர்த்திவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமே வராமல் குலுங்கினார்.

நிமிர்ந்து பார்த்தபோது கடவில் ஒருவரும் இல்லை. அப்பா மட்டும் கொஞ்ச தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஊர்ச் சுடுகாடு இல்லையென்றால் தாவீதின் சனங்கள் புதைக்கிற இடமாவது கிடைக்கும் என்று பெரியப்பா நினைத்திருக்க வேண்டும். அந்தச் சனங்களும் யோசித்தார்கள். அவர்கள் எங்கள் காடுகளில் கூலி வேலை செய்து பிழைக்கிறவர்கள். ஊரை எதிர்த்துக்கொண்டு எங்கே போவது? அதுவுமல்லாமல், அவள் வேதத்தில் சேர்ந்தவள் இல்லையே, தங்கள் வகையறா என்பதற்கும் சாட்சி இல்லையே என்று அவர்களிலும் ஒரு பெரியவர் கேட்டாராம். கடைசியில் இரண்டு இடத்துக்கும் நடுவில், ஓடைக்கரைப் புறம்போக்கில், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுகிற மணலில் குழி தோண்டினார்கள். தோண்டியது பெரியப்பாவும் தாவீதும்தான். தூக்கிக்கொண்டு போக அந்தச் சனத்தில் இரண்டு பேர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். அப்பா என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டதால் அதை நான் பார்க்கவில்லை.

அந்த வாரமே அவர்கள் கிளம்பினார்கள். பல்லடம் ரோட்டுக்கு அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். நானும் போனேன். வழி முழுவதும் அண்ணனும் தம்பியும் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். மோட்டார் வந்ததும் பெரியப்பா ஏறி உட்கார்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று நான் அக்காவிடம் கேட்டேன்.

"ஊருக்கு" என்றாள்.

அவளுக்கு நேட்டால்தானே ஊர்? கப்பலில் போய்ச் சேர்ந்து, அந்த ஜூலுக்காரக் கிழவியைப் பார்த்து, எங்களைப் பற்றிச் சொல்வாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. மழை விட்ட ஒரு காலை நேரம். அப்பா காட்டில் கட்டி உடைத்துக்கொண்டிருந்தார். நான் சோற்றுப் போசியைக் கொண்டுபோயிருந்தேன். வெகு நாளாக மனதில் இருந்ததை அன்றைக்குக் கேட்டேன்.

"அப்பா, நேட்டாலு எந்தப் பக்கமுங்க?"

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். பிறகு நிமிராமலே கையை நீட்டித் தெற்கே காட்டினார். மழை கழுவிவிட்ட வானத்தின் அடியில் ஆனைமலை நீளமாக, பக்கத்தில் வந்துவிட்டதுபோல, நீலமாக நின்றது.

"அந்த மலைக்கு அப்பாலயாங்க?"

"வெயில் ஏறுது. ஊட்டுக்குப் போ கண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு மலை தெரிகிற நாளெல்லாம் நான் அதைப் பார்ப்பேன். மலைக்குப் பின்னால் கடல். கடலுக்குப் பின்னால் கரும்புக் காடு. அதில் அக்கா கவுன் போட்டுக்கொண்டு நடப்பாள்.

அப்பா இறந்து, நானும் பிள்ளை பெற்ற பிறகு, ஒரு நாள் பேச்சுவாக்கில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா பருத்தி பிரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"நேட்டாலுக்கு எங்க போனாங்க? திரும்பி வாரதில்லீன்னு கைநாட்டு வெச்சுப்போட்டுத்தானே கப்பலேத்தி உட்டிருக்கான் வெள்ளக்காரன். அவுங்க மேல ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குத்தான் போனாங்க. அந்தத் தாவீதும் மில்லை உட்டுப்போட்டுக் கூடவே போயிட்டான். அங்க மொத மழைக்கே உங்க பெரியப்பனுக்குக் குளிர் காய்ச்சல் வந்து போயிட்டாரு. ஆள் உட்டுச் சொன்னாங்க."

"அப்பா போனாரா?"

"வெதப்பு நேரம்" என்றாள் அம்மா.

அக்காவைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பிறகு மலையேறிப் போய் நான் விசாரித்த இடங்களிலும் யாருக்கும் தெரியவில்லை. லைன் வீடுகள் பல தடவை கை மாறிவிட்டன என்றார்கள்.

நான் கேட்ட அந்தக் காலையில் அப்பாவுக்குப் பெரியப்பாவின் சாவுச் சேதி வந்துவிட்டிருந்தது. அவர் கை நீட்டிய திசை சரியான திசைதான். மலைக்குப் பின்னால் ஒரு தேசம் இருப்பதாக நம்பி அதன் உச்சிக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மலையின் இந்தப் பக்கத்துச் சரிவில் எங்கோ இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மழை விட்ட காலைகளில் எங்களுக்கு அந்த மலை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால், அங்கிருந்து பார்க்கிறவளுக்கு எங்கள் ஊரும் தெரிந்திருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.